தண்டவாளத்தை எப்போது சோதிக்கணும்? காலண்டர் மட்டும் சொல்லாத பராமரிப்புக் கணக்கு

தாம்பரம் மின்சார ரயில் பாதை முதல் கல்பாக்கம் அணு உலை வரை, எதை எப்போது செக் பண்ணுவது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்? எல்லாவற்றையும் அடிக்கடி கழட்டிப் பார்த்தால் பாதுகாப்பு கூடுமா, குறையுமா?

பராமரிப்புப் பணி காரணமாகக் கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு மார்க்கத்தில் மின்சார ரயில்கள் ரத்து. பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தச் செய்தி புதிதல்ல. 'போன மாசம்தானே பண்ணாங்க, மறுபடியுமா?' என்ற அலுப்பும் கூடவே வரும்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ரயில்வே, விமானம், மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என எல்லாத் துறைப் பொறியாளர்களும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது?

பழைய பதில் சுலபமானது: நாள் ஆனால் கழட்டிப் பார், வயசானால் மாத்து. இன்றைய பதில் கொஞ்சம் வேறு. இந்தப் பொருள் எப்படிக் கெடும், கெட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று முதலில் கேட்க வேண்டும். நாள் குறிப்பது அதற்குப் பிறகுதான். இந்த வித்தியாசம் தினமும் ரயில் ஏறுகிறவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

தண்டவாளத்துக்குள் என்ன நடக்கிறது?

மெயின் லைன்களில் போடப்படும் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடை கொண்டது. பார்த்தால் அசையாத இரும்பு. ஆனால் ரயில் சக்கரம் அதைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட ஒரு நாணய அளவுதான். கூட்டம் நிரம்பிய ஒரு பெட்டியின் எடை மொத்தமும் அப்படிப்பட்ட எட்டே எட்டு நாணயப் பரப்புகள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. ஒரு சக்கரம் போனதும் அடுத்த சக்கரம். ஒரு ரயில் போனதும் அடுத்த ரயில்.

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறியும் இல்லையா? இதைப் பொறியாளர்கள் 'உலோகச் சோர்வு' என்கிறார்கள். தண்டவாளத்திலும் அதேதான் நடக்கிறது. உள்ளே தலைமுடி அளவில் ஒரு விரிசல் தொடங்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான சக்கரங்கள் ஏறி இறங்க, அது மெல்ல வளரும். ஓர் அளவைத் தாண்டிய பிறகு ஒரே மோதலில் தண்டவாளம் துண்டாகலாம்.

கடலோர நகரங்களில் உப்புக்காற்று இன்னொரு எதிரி. அது தண்டவாளத்தின் அடிப்பகுதியை அரிக்கும். வெளியூர் ரயில்கள் நின்று போகும் ஸ்டேஷன்களில், பழைய பெட்டிகளின் கழிப்பறைக் கழிவு நேரடியாகப் பாதையில் விழுந்த காலத்தில் அந்த அரிப்பு இன்னும் மோசமாக இருந்தது. பயோ டாய்லெட் வந்ததால் பயணிகளுக்கு மட்டுமல்ல, தண்டவாளத்துக்கும் நல்லது நடந்தது.

வெயிலில் தண்டவாளம் விரியும், குளிரில் சுருங்கும். விரிந்து இடமில்லாமல் போனால் நெளியும். சுருங்கி இழுபடும்போது, ஏற்கெனவே விரிசல் இருந்தால் உடையும். அதனால்தான் கோடைக்கு ஒரு ரோந்து, குளிருக்கு ஒரு ரோந்து, மழைக்கு ஒரு ரோந்து. இது போக, 'கீமேன்' என்று அழைக்கப்படும் ஊழியர் தனக்கு ஒதுக்கப்பட்ட தூரத்தைத் தினமும் நடந்தே பார்த்து வருவார்.

நாள் கணக்கு இல்லை, டன் கணக்கு

உள்ளே இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அல்ட்ராசோனிக் சோதனை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில் இருப்பதும் இதே தத்துவம்தான். தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போகும் சிறிய வண்டி ஒன்று, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி அலையை இரும்புக்குள் அனுப்பும். உள்ளே விரிசல் இருந்தால் அலை எதிரொலித்துத் திரும்பும். திரையில் கோடு எழும்பும்.

சரி, இந்தச் சோதனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்? இங்கேதான் இந்திய ரயில்வேயின் முறை சுவாரசியமானது. லக்னோவில் இருக்கும் ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. 2012-ல் திருத்தி வெளியிட்ட கையேடு, எல்லாப் பாதைக்கும் ஒரே இடைவெளி வைக்கவில்லை. அந்தப் பாதையில் ஓராண்டில் எத்தனை கோடி டன் எடை உருண்டு போகிறது என்று பார்க்கச் சொன்னது. 'தேவை அடிப்படையிலான சோதனை' என்று அதற்குப் பெயர்.

ஆண்டுக்கு 50 லட்சம் டன் வரை மட்டுமே போகும் பாதை என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். 50 லட்சத்திலிருந்து 80 லட்சம் டன் வரை என்றால் 12 மாதம். 1.6 கோடியிலிருந்து 2.4 கோடி டன் வரை என்றால் நான்கு மாதம். 8 கோடி டன்னைத் தாண்டினால் மாதம் ஒருமுறை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மின்சார ரயில் பயணிகளோடு சேர்த்து 600 டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பாதையில் தினமும் 100 ரயில் போனால் ஒரு நாளைக்கு 60,000 டன். ஆண்டுக்கு சுமார் 2.19 கோடி டன். அந்தப் பாதைக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. அதே தண்டவாளத்தை தினமும் பத்து ரயில் மட்டும் ஓடும் கிளைப் பாதையில் போட்டிருந்தால், எடை பத்தில் ஒரு பங்குதான். அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

இரும்பு ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். ஆனால் ஒன்று வேகமாகச் சோர்ந்துபோகிறது, மற்றது மெதுவாக. இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்று சமமாகப் பிரித்தால், கிளைப் பாதையில் ஆட்களின் நேரம் வீணாகும். மெயின் பாதையில் ஆபத்து கூடும்.

தெரிவதற்கும் உடைவதற்கும் நடுவே

இந்த அட்டவணைக்குப் பின்னால் ஓர் எளிய யோசனை இருக்கிறது. விரிசலைக் கருவியால் கண்டுபிடிக்க முடிகிற முதல் நாள் ஒன்று இருக்கும். அது உடைந்து போகும் நாள் இன்னொன்று. நடுவில் இருப்பதுதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். சோதனை இடைவெளி இந்த அவகாசத்தைவிடக் கண்டிப்பாகக் குறைவாக இருக்க வேண்டும். பொதுவாக அதில் பாதியாக வைத்துக்கொள்வார்கள். அவகாசம் எட்டு மாதம் என்றால், நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஒரு சோதனையில் கண்ணில் படாமல் தப்பினாலும் அடுத்ததில் மாட்டும்.

பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது இந்தக் கணக்கில் வராது. இருபது வருஷம் உழைக்கும் பொருளாக இருந்தாலும், விரிசல் விட்ட பிறகு இரண்டே மாதத்தில் உடையும் என்றால், மாதம் ஒருமுறை பார்த்துத்தான் ஆக வேண்டும்.

தண்டவாளங்களை இணைக்கும் பற்றவைப்புக்குக் கணக்கு வேறு. தண்டவாளம் ஆலையில் சோதிக்கப்பட்டு வருவது. அது கெடுவது பெரும்பாலும் சோர்வால்தான். அதனால் புதிய தண்டவாளத்துக்கு ஆரம்பக் காலத்தில் சோதனை விலக்கு உண்டு. பற்றவைப்பு அப்படியல்ல. ரயில் இல்லாத கொஞ்ச நேரத்தில், திறந்த வெளியில், உருக்கு ஊற்றிச் செய்யும் வேலை அது. தப்பு நடந்திருந்தால் முதல் நாளே உள்ளே இருக்கும். எனவே பற்றவைத்த உடனே ஒரு சோதனை கட்டாயம், பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் தொடர் சோதனை.

சோதனையில் மோசமான விரிசல் தெரிந்தால் அடுத்து என்ன என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. உடனே அந்த இடத்தில் வேகம் மணிக்கு 30 கி.மீ. அல்லது அதற்கும் கீழே குறைக்கப்படும். 24 மணி நேரத்துக்குள் இரு பக்கமும் தகடு வைத்துக் கவ்விப் பிடிக்க வேண்டும். மூன்று நாளுக்குள் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். சோதனையை ரயில்களுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் செய்துவிடலாம். தண்டவாளத்தை மாற்றுவதற்குத்தான் பாதையை நிறுத்த வேண்டியிருக்கிறது. பரபரப்பான பாதையில் அதற்கு நள்ளிரவு அல்லது ஞாயிறு.

விமானம் கற்றுக்கொடுத்த பாடம்

இந்தச் சிந்தனை பெரிய அளவில் வடிவம் பெற்றது விமானத் துறையில். தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கி வரும் ரயிலில் திரிசூலம் ஸ்டேஷனைக் கடக்கும்போது, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் இறங்கும் ஜெட் விமானங்கள் எல்லாமே அந்த வழியில்தான் பராமரிக்கப்படுகின்றன.

1950-களில் விமான நிறுவனங்கள் ஒரு நம்பிக்கையில் இருந்தன. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஆயுள் இருக்கிறது, அது முடிவதற்குள் கழட்டிப் பிரித்து மேய்ந்து மாட்டிவிட்டால் பிரச்சினை வராது என்று. டி.சி.-8 என்ற ஜெட் விமானம் வந்தபோது 339 பாகங்களுக்கு இப்படிக் காலக்கெடு போட்டுப் பிரித்துப் பார்க்கும் திட்டம் இருந்தது. ஆனாலும் பழுதுகள் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. சில பாகங்களில், பிரித்து மாட்டிய பிறகுதான் தொல்லையே ஆரம்பித்தது.

1968-ல் போயிங் 747-க்காக நிறுவனங்கள் சேர்ந்து உட்கார்ந்து புதிய முறையில் யோசித்தன. ஒவ்வொரு பாகத்துக்கும் 'இது எப்படிக் கெடும், கெட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விகளைக் கேட்டு, பதிலைப் பொறுத்து வேலையை முடிவு செய்தன. அதே வழியில் போன டி.சி.-10 விமானத்தில், காலக்கெடு வைத்துப் பிரிக்கும் பாகங்கள் வெறும் ஏழு. டி.சி.-8 முதல் 20,000 மணி நேரம் பறப்பதற்குள் அதன் உடற்கட்டமைப்பை ஆராய 40 லட்சம் மனித மணி நேரம் செலவானது. அதைவிடப் பெரிய 747-க்கு அதே அளவு பறப்பதற்குள் 66,000 மணி நேரமே போதுமாக இருந்தது. பாதுகாப்பை விட்டுக்கொடுத்து இந்தக் குறைப்பு வரவில்லை.

யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக இதை 1978-ல் ஓர் அறிக்கையாகத் தொகுத்தனர். நம்பகத்தன்மையை மையமாகக் கொண்ட பராமரிப்பு, சுருக்கமாக ஆர்.சி.எம்., என்ற பெயர் அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

68 சதவீத அதிர்ச்சி

அந்த அறிக்கையில் இருந்த ஒரு கணக்கு இன்றும் பேசப்படுகிறது. விமானப் பாகங்கள் கெடும் விதத்தை ஆறு வகையாகப் பிரித்தார்கள். வயதாக வயதாகத் தேய்ந்து கெடும் பாகங்கள், மூன்று வகையையும் சேர்த்தாலும், 11 சதவீதம்தான். மீதி 89 சதவீதத்துக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. பழையதோ புதியதோ, கெடும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதிலும் 68 சதவீதப் பாகங்கள் புதிதாக மாட்டிய ஆரம்பத்தில்தான் அதிகம் கெட்டன. அதைத் தாண்டிவிட்டால் பிறகு நிதானமாக ஓடின. சர்வீஸ் விட்டு வந்த மறுநாளே பைக் ஸ்டார்ட் ஆகாமல் நின்ற அனுபவம் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். 'நல்லா ஓடிட்டு இருந்ததை ஏன்டா கழட்டுனீங்க?' என்ற கேள்வியில் அறிவியல் இருக்கிறது. ஒவ்வொரு முறை கழட்டி மாட்டும்போதும் ஒரு போல்ட் லூசாகலாம், வாஷர் மாறலாம், தூசி உள்ளே போகலாம். தேவையில்லாத பராமரிப்பே புதிய பழுதை உண்டாக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இது அன்றைய விமானப் பாகங்களுக்கான கணக்கு. எல்லா இயந்திரத்துக்கும் இதே சதவீதம் பொருந்தாது. தண்டவாளம், பிரேக் கட்டை, லிஃப்ட் கயிறு, குழாய்ச் சுவர் போன்ற எளிய உலோகப் பாகங்களில் தேய்மானம் உண்மையாகவே வயதோடு வரும். எலெக்ட்ரானிக் போர்டுகளில் பெரும்பாலும் வராது. எந்தப் பொருள் எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆர்.சி.எம்.-மின் மொத்த வேலையும்.

ரிசர்வ் வங்கி அல்லாத ஆர்.பி.ஐ.

ஆர்.சி.எம். இயந்திரங்களுக்கு என்றால், குழாய், தொட்டி, பாய்லர் போன்ற அழுத்தம் தாங்கும் கருவிகளுக்கு வந்தது அபாய அடிப்படையிலான ஆய்வு. தொழிற்சாலைகளில் இதை ஆர்.பி.ஐ. என்பார்கள். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் இதற்கான வழிகாட்டு நெறியை 2002-ல் வெளியிட்டது.

இதன் சூத்திரம் ஒரு பெருக்கல். கெடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு, கெட்டால் விளைவு எவ்வளவு, இரண்டையும் பெருக்கினால் வருவது அபாயம். அடிக்கடி ஒழுகும் குடிதண்ணீர்க் குழாயின் வாய்ப்பு அதிகம், விளைவு குறைவு. எப்போதாவது மட்டுமே கெடக்கூடிய அம்மோனியா குழாயின் வாய்ப்பு குறைவு, ஆனால் விளைவு ஓர் ஊரையே காலி செய்யலாம். இரண்டுக்கும் ஒரே தேதியில் ஒரே சோதனை என்பது பொருத்தமில்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இருக்கும் கல்பாக்கம் இதற்கு நல்ல உதாரணம். சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஒவ்வொரு உலையிலும் 306 குழாய்கள் படுக்கைவாட்டில் இருக்கின்றன. எரிபொருளும், அதைக் குளிர்விக்கும் கனநீரும் இவற்றுக்குள்தான் இருக்கும்.

ஒவ்வொரு குழாயும் இன்னொரு பெரிய குழாய்க்குள் இருக்கும். இரண்டும் தொடாமல் இருக்க நடுவே சுருள் வளையங்கள். வளையம் நகர்ந்துவிட்டால், சூடான உள்குழாய் தொய்ந்து குளிர்ந்த வெளிக்குழாயைத் தொடும். தொட்ட இடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்து உலோகம் கொப்புளித்து, கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். 1983 ஆகஸ்ட்டில் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் இப்படித்தான் ஒரு குழாய் சுமார் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது.

இதே வகை உலை என்பதால் இந்தியப் பொறியாளர்களுக்கு அது உடனடி எச்சரிக்கை. ஆனால் கதிர்வீச்சு சூழலில் 306 குழாய்களையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் குழாய்க்குள் போய்ப் பார்க்கும் 'பார்சிஸ்' என்ற கருவியை உருவாக்கியது. எந்தக் குழாயில் வளையம் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், எதில் ஹைட்ரஜன் அதிகம் ஏறியிருக்கும் என்று கணக்கிட்டு, அவற்றை முதலில் பார்க்கும் வழி பின்பற்றப்பட்டது. கடைசியில், 2000-களின் முற்பகுதியில், கல்பாக்கத்தின் இரு உலைகளிலும் எல்லாக் குழாய்களும் வேறு உலோகக் கலவையில் மாற்றப்பட்டன. சோதித்துக்கொண்டே இருப்பது தீராத வேலை ஆகும்போது, கெடும் விதத்தையே மாற்றிவிடுவது ஆர்.சி.எம். சொல்லும் கடைசி வழிகளில் ஒன்று.

அப்போ காலண்டர் தேவையே இல்லையா?

தேவை. நம் சட்டங்கள் இன்னமும் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1923-ல் வந்து, 2025-ல் புதிய சட்டத்தால் மாற்றப்பட்ட பாய்லர் சட்டம், சான்றிதழ் இல்லாமல் பாய்லரை இயக்கக் கூடாது என்றது. பொதுவாக அந்தச் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 12 மாதம். வீட்டு கேஸ் சிலிண்டருக்கும் தேதி உண்டு. கைப்பிடிப் பட்டியின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். 'சி-27' என்று இருந்தால், 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அது சோதனைக்குப் போக வேண்டும்.

அபாயத்தைக் கணக்கிடத் தரவும் நிபுணரும் வேண்டும். லட்சக்கணக்கான சிலிண்டர்களுக்கு அப்படிச் செய்ய முடியாது. அங்கே எளிய தேதி விதியே பாதுகாப்பானது. சட்டம் வைக்கும் தேதி தரைத்தளம். அதற்கு மேல் எங்கே கூடுதல் கவனம் என்பதைச் சொல்வது அபாயக் கணக்கு. இரண்டாவதைக் காட்டி முதலாவதைத் தட்டிக்கழிக்க முடியாது.

அதே நேரம் தேதியை மட்டும் நம்பியும் உட்கார முடியாது. நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் 2020 மே 7-ல் ஆறாவது யூனிட் பாய்லர் பகுதியில் விபத்து. இரண்டு மாதத்துக்குள், ஜூலை 1-ல், ஐந்தாவது யூனிட்டில் இன்னொன்று. ஜூலை விபத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நின்றிருந்த யூனிட்டை மறுபடி இயக்கும் வேலை நடந்தபோது அது நேர்ந்தது. இயந்திரம் சீராக ஓடும்போது இருப்பதைவிட, நிறுத்தும்போதும் மறுபடி தொடங்கும்போதும் ஆபத்து பல மடங்கு கூடும் என்பது ஆலைப் பொறியாளர்களின் பொது அனுபவம். வருடாந்திரச் சான்றிதழில் அந்த நேரங்கள் தெரியாது. ஒரு யூனிட்டில் நடந்த விபத்தை, அதேபோன்ற பக்கத்து யூனிட்டுகளுக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதும் இந்த முறையின் அடிப்படை.

இந்த முறை எங்கே சறுக்கும்?

அபாயக் கணக்கு தவறான கையில் கிடைத்தால் செலவைக் குறைக்கும் சாக்காகிவிடும். மூன்று வழிகளில் அது சறுக்குகிறது.

முதலாவது, ஆதாரம் இல்லாமல் இடைவெளியை நீட்டுவது. 2000 ஜனவரி 31-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானம் கலிஃபோர்னியா அருகே கடலில் விழுந்து 88 பேர் இறந்தனர். வால் பகுதியை ஏற்றி இறக்கும் பெரிய திருகில் கிரீஸ் போதாமல் மரை தேய்ந்து போயிருந்தது. கிரீஸ் போடும் இடைவெளியையும் தேய்மானம் பார்க்கும் இடைவெளியையும் நிறுவனம் நீட்டிக்கொண்டே போனதும், அதற்கு அரசு அமைப்பு ஒப்புதல் தந்ததும் விபத்துக்குத் துணைபோயின என்று விசாரணை சொன்னது.

இரண்டாவது, கண்டுபிடித்த பிறகும் வேலை செய்யாமல் விடுவது. 2000 அக்டோபர் 17-ல் இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டு அருகே விரைவு ரயில் தடம் புரண்டு நான்கு பேர் இறந்தனர். உலோகச் சோர்வால் விரிசல் விட்டிருந்த தண்டவாளம் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. அந்த இடத்தில் பிரச்சினை இருப்பது முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளம் ஏற்பாடாகியிருந்தும் பொருத்தப்படவில்லை. விபத்துக்குப் பிறகு நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. சோதனை செய்தது ஒருவர், மாற்ற வேண்டியவர் இன்னொருவர், நடுவே யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால் எவ்வளவு நல்ல அட்டவணையும் வெறும் காகிதம்தான்.

மூன்றாவது, ஒருமுறை போட்ட கணக்கையே பிடித்துக்கொண்டிருப்பது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடி அம்மோனியா குழாயில் கசிவு ஏற்பட்டு, மூச்சுத் திணறலோடு மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில், குழாயைச் சுற்றியிருந்த பாறைகள் இடம்பெயர்ந்து அதைத் தாக்கியிருக்கலாம் என்று ஆய்வுக் குழு கருதியது. புயலுக்கு முந்தைய நாள் போட்ட அபாயக் கணக்கு, புயலுக்கு மறுநாள் செல்லாது. சூழ்நிலை மாறினால் பட்டியலைத் திரும்ப எழுத வேண்டும்.

உங்க அபார்ட்மென்ட்ல என்ன கேட்கலாம்?

ஆலைக்கும் ரயிலுக்கும் மட்டுமான விஷயம் இல்லை இது. மேடவாக்கத்திலோ வண்டலூரிலோ ஒரு அபார்ட்மென்ட் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலோ, ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகத்தின் நிர்வாகத்தைக் கவனித்தாலோ, இதே கேள்விகள் உதவும்.

முதலில் கவனிக்க வேண்டியது 'சொல்லாமல் கெடும்' பொருட்களை. லிஃப்ட் லைட் எரியவில்லை என்றால் அன்றைக்கே புகார் வரும். தீயணைப்பு பம்பு கெட்டால் யாருக்கும் தெரியாது, தீப்பிடிக்கும்வரை. ஜெனரேட்டர் பேட்டரி, புகை அலாரம், லிஃப்ட் எல்லை மீறி வேகமாக இறங்கினால் பிடித்து நிறுத்தும் கருவி, இவை எல்லாம் இந்த ரகம். இவற்றைக் கழட்டிச் சுத்தம் செய்வதைவிட, ஓட்டிப் பார்ப்பதே முக்கியம். பம்பைப் போட்டுத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஜெனரேட்டரைச் சும்மா ஸ்டார்ட் செய்தால் போதாது, லோடு கொடுத்து ஓட்ட வேண்டும்.

அடுத்து, இடம். முடிச்சூர், வேளச்சேரி பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எவ்வளவு நன்றாகப் பராமரித்த ஜெனரேட்டராக இருந்தாலும், பேஸ்மென்டில் தண்ணீர் நிரம்பினால் அது இல்லாததற்குச் சமம். அதற்குத் தீர்வு அடிக்கடி சர்வீஸ் செய்வதில்லை. மேடையை உயர்த்துவதுதான்.

கடைசியாக, ஏ.எம்.சி. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது 'வருஷத்துக்கு எத்தனை சர்வீஸ்?' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். இந்த நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்:

இந்தப் பாகம் எந்தெந்த விதத்தில் கெடும்?

கெட்டால் சிரமம் மட்டும்தானா, யாருக்காவது ஆபத்தா?

கெடுவதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி தெரியுமா, தெரிந்தால் எவ்வளவு நாள் அவகாசம்?

போன தடவை எழுதிவைத்த குறைகளில் எதெல்லாம் சரி செய்யப்பட்டது?

முதல் மூன்றுக்கும் நல்ல டெக்னீஷியன் யோசித்துப் பதில் சொல்வார். நாலாவதுக்குப் பதில் சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருக்க வேண்டும். அதை எடுத்துவரச் சொல்லி, தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.